பெயர் எழுதிய கல்லா, வெறுங்கல்லா? எங்கள் துயிலும் இல்லத்தில் என்ன செய்வது?

குளக்கட்டு | கிளிநொச்சி | நவம்பர் 2, இரவு 9.14

வணக்கம் உறவுகளே,

எங்கள் பக்கத்துத் துயிலும் இல்லத்தில், அதாவது விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இறந்த பிள்ளைகளை விதைத்த (அடக்கம் செய்த) இடத்தில், சிரமதானம் தொடங்கிவிட்டது. இடத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. வருகிற அம்மாமாருக்கு வீண் தொல்லை வேண்டாம். பற்றை வெட்டி, குழி நிரவி, பாதைக்கு மணல் பரவுகிற வேலை ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். இந்த முறை புதிதாக ஒரு கதை வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருந்து கொஞ்சக் காசு வரும், அதை வைத்து ஒரே அளவில் சீமெந்துக் கல் வார்த்து, முன்பு இருந்த மாதிரி வரிசையாக நட்டுவிடலாம் என்கிறார்கள். கல்லில் பெயர் இருக்காது. அம்மாமார் தங்களுக்கு விருப்பமான கல்லில் விளக்கேற்றலாமாம். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தலையாட்டிவிட்டார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை.

2009க்கு முன் அங்கே போய் வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கல்லிலும் நிலை, இயக்கப் பெயர், வீட்டுப் பெயர், ஊர், இறந்த திகதி எல்லாம் இருக்கும். உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நினைவுக்கல். கேணலுக்கும் கடைசி நிலையான வீரவேங்கைக்கும் ஒரே அளவுதான். சாதி பார்த்து, சமயம் பார்த்து இடம் கொடுத்ததில்லை. ஒரு தாய் அங்கே போனால் தன் பிள்ளையிடம் போய் வந்தாள். படையினர் டோசரால் உழுதபோது கல்லோடு சேர்ந்து, எந்தப் பிள்ளை எங்கே என்ற கணக்கும் போய்விட்டது. அந்த இழப்புத்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியும். மாவீரர் நாளான நவம்பர் 27ஆம் திகதி மாலை 6.05க்கு மணி, 6.06க்கு அகவணக்கம், 6.07க்குச் சுடர். அதற்கு எவ்வளவோ நேரம் முன்பே அம்மாமார் வந்து, வேலி மூலையையும் நிற்கிற மரத்தையும் வைத்துக் குறி பார்த்து, "இந்த இடமாகத்தான் இருக்க வேணும்" என்று ஒரு மதிப்பில் உட்காருவார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு குடும்பம் வந்து நின்றதையும் கண்டிருக்கிறேன். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. ஒரே விளக்குக்கு இரண்டு போத்தலில் இருந்தும் எண்ணெய் விட்டார்கள்.

என் யோசனை இதுதான். கல் பிறகு. முதலில் ஒரு தடித்த கொப்பி வாங்குவோம். ஊர் ஊராகப் போய், யார் யாருடைய பிள்ளை இங்கே விதைக்கப்பட்டது என்று குடும்பங்களைக் கேட்டு எழுதுவோம். எந்த வரிசை, எந்தப் பக்கம், கடைசியாக எப்போது பார்த்தார்கள், படம் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்போம். பட்டியல் ஓரளவு நிறைந்த பிறகு கல்லைப் பற்றிப் பேசுவோம். இதைக் கூட்டத்தில் சொன்னேன். "தம்பி, அது நடக்கிற காரியமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்கள்.

நடக்கிற காரியம்தானா என்று உங்களைக் கேட்கிறேன்.


தென்னங்கீற்று | ரொறன்ரோ | நவம்பர் 2, இரவு 11.40

தம்பி குளக்கட்டு, உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் மறுபக்கத்தையும் யோசியுங்கள். போர் முடிந்து எத்தனை வருடம் ஓடிவிட்டது? அப்போது ஐம்பது வயதாக இருந்த அம்மாமாருக்கு இப்போது என்ன வயது? என் பெரியம்மா இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். போன வருடம் மோசம் போய்விட்டார். கடைசி வரைக்கும் அவர் கேட்டது ஒன்றுதான், "ஒரு கல் வைப்பாங்களோ?" என்று. பட்டியல் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே அந்தத் தலைமுறை போய்விடும்.

எந்தப் பட்டியலும் முழுதாக முடியாது. குடும்பம் முழுக்க அழிந்த வீடுகள் முள்ளிவாய்க்காலில் எத்தனை! அந்தப் பிள்ளைகளின் பெயரை யார் வந்து சொல்வது? பெயர் எழுதிய கல் என்றால், பெயர் கிடைக்காத பிள்ளைக்குக் கல்லே இல்லாமல் போகும். வெறுங்கல் என்றால் எல்லாருக்கும் உண்டு.

இங்கே காசு சேர்ப்பது சும்மா பெருமைக்கில்லை. இரவு வேலை செய்து அனுப்புகிற சனத்தின் காசு. ஒரு வேலை முடிந்தது என்று அவர்களுக்குக் காட்டவும் வேண்டும்.


மாங்குளம் சந்தி | முல்லைத்தீவு | நவம்பர் 3, காலை 5.52

நான் முன்னாள் போராளி. புனர்வாழ்வு முடித்து வந்து இப்போது மேசன் வேலை. ஆதலால் கல்லைப் பற்றியும் தெரியும், கல்லுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றியும் தெரியும்.

கல் வார்ப்பது பெரிய வேலை இல்லை. பலகைப் பெட்டி இருந்தால் ஒரு நாளில் எத்தனையும் வார்க்கலாம். ஆனால் இரண்டு விசயம். ஒன்று, இல்லத்தில் இப்போது குவித்து வைத்திருக்கும் உடைந்த துண்டுகள். கனகபுரம் துயிலும் இல்லத்திலும் வேறு இடங்களிலும் நடுவில் ஒரு மேடை மாதிரிக் குவித்து, அதில்தான் சனம் பூ வைக்கிறது. அந்தக் குவியலைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் துண்டு துண்டாகப் புரட்டியிருக்கிறேன். ஒன்றில் "லெப்." என்று மட்டும் இருக்கும். ஒன்றில் ஊரின் கடைசி எழுத்துகள், "...யடி" என்று. ஒன்றில் திகதி முழுதாக இருந்தது, பெயர் இருந்த பக்கம் இல்லை. மழை பட்டுப் பட்டுக் கறுப்பு மை வெளிறிக்கொண்டு போகிறது. புதுக்கல் நடுகிற அவசரத்தில் இந்தத் துண்டுகளை அத்திவாரத்துக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். அப்படி ஒரு கதை எங்கள் பக்கத்திலும் வந்தது, நாங்கள் நாலு பேர் குறுக்கே நின்றோம். ஒவ்வொரு துண்டையும் கழுவி, வெயில் சரிந்த நேரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழ வைத்துப் படம் எடுங்கள். நேர் வெயிலில் தெரியாத எழுத்து அப்போது தெரியும்.

இரண்டாவது, இலக்கத் தகடு. எங்கள் எல்லாருக்கும் தகடு இருந்தது. பெயர் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரிந்தால் ஆள் யார் என்று சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. 2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டும்போது எலும்பும் உடுப்பும் வெளியே வந்தன. 2024 ஜூலையில் தோண்டி முடிக்கும்போது 52 பேரின் எச்சங்கள். பெண் போராளிகளின் சீருடை, தகடுகள், எல்லாம் அந்த மண்ணுக்குள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். எந்தத் துயிலும் இல்லத்திலும் அவர்களுக்குக் கல் இல்லை. வீட்டில் இன்றும் இலக்கம் ஞாபகம் உள்ள ஒரு தாயோ தம்பியோ இருந்தால், அதையும் உங்கள் கொப்பியில் எழுதுங்கள். நாளைக்கு இன்னொரு கிடங்கு வெட்டுப்படும்போது அந்த இலக்கம் பேசும்.

அண்ணை தென்னங்கீற்று, உங்கள் பெரியம்மாவுக்கு என் அஞ்சலி. காசை அனுப்புங்கள். ஆனால் முதல் செலவு கொப்பிக்கும் மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கும் போகட்டும்.


நீதிமன்ற வாசல் | வவுனியா | நவம்பர் 3, காலை 10.20

சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பயமும் கலந்திருக்கிறது.

2020, 2021இல் மாவீரர் நாளுக்கு எதிராகப் பொலிஸ் நீதிமன்றத் தடை எடுத்தது பெரும்பாலும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில், பொதுத் தொல்லை என்ற கணக்கில். 2020இல் கொரோனாவும் ஒரு சாட்டு. 2023இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுகளும் நடந்தன. 2024 கார்த்திகையில் பெரும்பாலான இடங்களில் சனம் தடையில்லாமல் விளக்கேற்றியது. ஆனால் இயக்கம் இன்றும் தடைசெய்யப்பட்ட அமைப்புத்தான். கொடி, சின்னம் இரண்டிலும் கைவைக்கக் காத்திருப்பார்கள். இறந்தவரின் பெயரை, ஊரை, திகதியை ஒரு கல்லில் எழுதுவது அந்த வகையில் சேராது. நிலையையும் இலச்சினையையும் போடுவதா என்பதைக் குடும்பமே முடிவெடுக்கட்டும்.

அடுத்தது, இது நாங்கள் யாரிடமும் கெஞ்சிக் கேட்கிற சலுகை இல்லை. போரில் இறந்தவர்களின் புதைகுழிகள் மதிக்கப்பட வேண்டும், எப்போதும் கண்டுபிடிக்கக்கூடியபடி அடையாளமிடப்பட வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை 17ஆம் உறுப்புரையில் சொல்கிறது. அது நாடுகளுக்கு இடையிலான போருக்கு எழுதியது என்று வாதாடலாம். உள்நாட்டுப் போருக்கும் அதே கடமை வழக்காற்றுச் சட்டமாக உண்டு. அரசே நியமித்த கலந்தாலோசனைச் செயலணி 2017 ஜனவரியில் கொடுத்த அறிக்கையும் துயிலும் இல்லக் காணிகளை விடச் சொன்னது. அதற்கு முன்பே கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்தில் படைத் தலைமையகம் கட்டிவிட்டார்கள். ஈச்சங்குளத்தில் சனம் வீதியில் நின்று விளக்கேற்றிய வருடங்கள் உண்டு.

குளக்கட்டு, கொப்பியில் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். பெயரைக் கல்லில் போடச் சம்மதமா? பட்டியலை வேறு யாரும் பார்க்கலாமா? புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்து போன அனுபவம் உள்ள குடும்பங்கள் பல. வேறு பிள்ளை அரசாங்க வேலையில் இருக்கும், இல்லையென்றால் வெளிநாடு போகக் காத்திருக்கும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.


வாகரை வடக்கு | மட்டக்களப்பு | நவம்பர் 3, பிற்பகல் 2.05

இந்த இழையை எனக்கு ஒரு நண்பன் அனுப்பினான். உறுப்பினராகச் சேர்ந்து எழுதும் முதல் பதிவு இது.

என் அண்ணன் 1997இல், படையினர் ஜெயசிக்குறு என்று பெயர் வைத்து நடத்திய சண்டையில் வன்னியில் செத்தவர். மட்டக்களப்பில் இருந்து காட்டுவழியாக நடந்து போன பிள்ளைகளில் ஒருவர். செய்தி வரும்போது விதைத்து எத்தனையோ நாளாகிவிட்டது. 2002இல் பாதை திறந்த பிறகு அம்மாவும் நானும் ஒரு வானில் போனோம். அங்கே நின்ற பிள்ளைகள் பதிவேட்டைப் பார்த்து, வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கல்லில் எங்கள் ஊரின் பெயரைக் கண்டவுடன் அம்மா அந்த எழுத்தைத்தான் முதலில் தடவினார், அண்ணனின் பெயரைப் பிறகுதான். இவ்வளவு தூரம் வந்து படுத்திருக்கிறான், ஆனால் ஊர் தெரியாதவனாகப் படுக்கவில்லை என்று வானில் வரும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா இப்போது இல்லை. நானும் ஒவ்வொரு வருடமும் வர வசதி இல்லை. வெறுங்கல் நட்டால் பக்கத்து ஊர்த் தாய் வந்து ஏதாவது ஒரு கல்லில் விளக்கேற்றுவார். எங்கள் அண்ணன் மாதிரி, கேட்க ஆளில்லாத கிழக்கு மாகாணப் பிள்ளைகளை யார் நினைப்பது? கல்லில் பெயரும் ஊரும் இருந்தால், யாரோ ஒரு தெரியாத மனுசி வாசித்துவிட்டு ஒரு பூவாவது வைப்பாள்.

நாங்கள் அப்போது எடுத்த படம் ஒன்று இருக்கிறது. கல்லுக்குப் பின்னால் இன்னும் மூன்று கல்லில் எழுத்து வாசிக்கக் கூடியதாகத் தெரிகிறது. யாருக்கு அனுப்ப வேண்டும்?


குளக்கட்டு | கிளிநொச்சி | நவம்பர் 3, இரவு 8.31

வாகரை அண்ணா, தனிமடலில் என் இலக்கம் அனுப்பியிருக்கிறேன். நாலு பெயர் ஒரு படத்தில்! சமாதான காலத்தில் வன்னிக்கு வந்து போன எத்தனை ஆயிரம் குடும்பங்களின் அல்பத்தில் இப்படிப் படம் இருக்கும். வெளிநாட்டில் இருந்து வந்து வீடியோ எடுத்தவர்கள் எத்தனை பேர். எல்லாரும் தங்கள் பிள்ளையின் கல்லை எடுத்திருப்பார்கள், பின்னால் பக்கத்துக் கல் நிற்கும். ஒரு பெயர் கிடைத்தால் அடுத்த பெயருக்கு வழி கிடைக்கும். தென்னங்கீற்று அண்ணை, காசைவிடப் பெரிய உதவி ஒன்று அங்கே செய்யலாம். 2002க்கும் 2006க்கும் இடையில் வந்து போனவர்களின் பழைய படங்களையும் கசற்றுகளையும் தேடி எடுங்கள்.

சட்டம் எழுதிய அக்காவோ அண்ணாவோ, மிக்க நன்றி. அந்த இரண்டு கேள்வியைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.


தென்னங்கீற்று | ரொறன்ரோ | நவம்பர் 3, இரவு 10.02

படங்கள் விசயம் நல்ல யோசனை. இங்கே எங்கள் ஊர்ச் சங்கத்தில் சொல்கிறேன். ஆனால் கல்லை நிற்பாட்டச் சொல்லாதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்.


மாத்தளன் அலை | முல்லைத்தீவு | நவம்பர் 4, அதிகாலை 1.17

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். யாரையும் புண்படுத்த எழுதவில்லை.

என் தங்கச்சியை 2008 கடைசியில் இயக்கத்துக்காரர் கொண்டுபோனார்கள். அவள் தானாகப் போகவில்லை. அம்மா வாகனத்துக்குப் பின்னால் ஓடி விழுந்து முழங்கால் கிழிந்தது. பயிற்சி என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாசி மாதம் புதுக்குடியிருப்பில் காயப்பட்டு, இரணைப்பாலையில் ஒரு பங்கரடியில் செத்துப்போனாள். அவளோடு நின்ற இன்னொரு பிள்ளை வந்து சொல்லித்தான் தெரியும். எறிகணை விழ விழ, அங்கேயே அவசரத்தில் புதைத்திருக்கிறார்கள். துயிலும் இல்லம் எதிலும் அவள் இல்லை. நிலை இல்லை, அறிவிப்பு இல்லை.

அவள் மாவீரரா? எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அவள் எங்கள் தங்கச்சி, பதினேழு வயது, கணக்கில் கெட்டிக்காரி. கொண்டுபோனவர்கள் மேல் எங்களுக்கு உள்ள கோபம் போகவில்லை, போகாது. ஆனால் அம்மா ஒவ்வொரு வருடமும் 27ஆம் திகதி கனகபுரத்துக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வருகிறார். ஏனென்று கேட்டேன். "வேற எங்க பிள்ளை போய் ஏத்துறது?" என்று கேட்டார். போர் முடிந்த நாளான மே 18க்கு முள்ளிவாய்க்காலில் கஞ்சி வாங்கிக் குடிக்கிறார், அங்கேயும் அவளுக்காகத்தான். இரண்டு நாளிலும் அவளுக்கென்று சரியான இடம் இல்லை.

உங்கள் கொப்பியில் அவளை எழுதுவீர்களா? எழுதினால் லெப்டினன்ட் என்றோ கப்டன் என்றோ எழுத வேண்டாம். அவர்கள் வைத்த பெயரும் வேண்டாம். வீட்டுப் பெயரும் ஊரும் போதும்.


பாலைமரத்தடி | மல்லாவி | நவம்பர் 4, காலை 7.30

தங்கச்சி மாத்தளன், எழுதியதற்கு நன்றி. என் வீட்டிலும் இதே கதை, ஆண் பிள்ளை. நாங்கள் ஒருவரும் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் துரோகி மாதிரிப் பார்ப்பார்கள் என்ற பயம். இங்கே வாசித்துவிட்டு அழுதேன்.


கார்த்திகைப்பூ | லண்டன் | நவம்பர் 4, காலை 11.48

இப்படியான கதைகளை இந்த மாதத்தில் எழுதுவதால் யாருக்கு லாபம்? தானாக விரும்பிப் போய், சயனைட் குப்பி கட்டிக்கொண்டு நின்று செத்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நாள் இது. 1982 நவம்பர் 27இல் முதல் மாவீரர் சங்கர் இறந்த நாளை வைத்து, 1989இல் காட்டுக்குள் ஒரு சில நூறு பேர் கூடித் தொடங்கியது. அந்தத் தியாகத்துக்கு என்று ஒரு நாள் இருக்கட்டும். பலவந்தமாகப் பிடிபட்டவர்களுக்கு வேறு ஒரு நாள் வையுங்கள்.


மாங்குளம் சந்தி | முல்லைத்தீவு | நவம்பர் 4, பிற்பகல் 12.25

கார்த்திகைப்பூ, நான் தானாக விரும்பிப் போனவன். ஆதலால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 2009இல் என் பக்கத்தில் நின்ற அரைவாசிப் பேர் பிடித்துக் கொண்டுவந்த பிள்ளைகள். எறிகணை விழும்போது யார் விரும்பி வந்தது, யார் அழுதுகொண்டு வந்தது என்று அது பார்க்கவில்லை. காயப்பட்ட என்னை இழுத்துக்கொண்டு வந்து போட்டது அப்படி ஒரு பொடியன்தான். ஒரு கிழமைக்கு முன்தான் பிடிபட்டவன். அடுத்த நாள் அவன் இல்லை. அவனுடைய வீட்டுப் பெயர் எனக்கு இன்றும் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு வேறு நாள் வைக்கச் சொன்னால் நான் எந்த முகத்தோடு 27ஆம் திகதி போய் நிற்பது?

மாத்தளன் தங்கச்சி, உங்கள் தங்கையை எழுதத்தான் வேண்டும். நீங்கள் சொன்ன மாதிரியே எழுதுவோம்.


ஓமந்தைச் சோதனைச்சாவடி | வவுனியா | நவம்பர் 4, மாலை 6.50

பேச்சு இவ்வளவு தூரம் வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன். என் மாமா புளொட் என்ற வேறு இயக்கத்தில் இருந்தவர். நாங்கள் ஜூலை 13இல் இருந்து 16 வரைக்கும் கோவில்குளத்தில் புளொட் தலைவர் உமாமகேஸ்வரன் நினைவிடத்தில் வீரமக்கள் தினம் செய்கிறோம். அங்கேயும் சனம் வரும், தாய்மார் அழுவார்கள். ஜூன் 19 ஈபிஆர்எல்எப் இயக்கத்துக்காரருக்குத் தியாகிகள் தினம். 1986இல் செத்த டெலோ இயக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் உண்டு. எல்லாரும் இதே வன்னி மண்ணிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து விடுதலை என்று சொல்லி வெளிக்கிட்டவர்கள்தான். அவர்களில் பலரைக் கொன்றது யார் என்று எல்லாருக்கும் தெரியும். துயிலும் இல்லத்தில் அவர்களுக்கு இடம் கேட்கவில்லை. அது உங்கள் பிள்ளைகள் உறங்குகிற இடம். ஆனால் ஊர் ஊராகப் போய்க் கேட்கும்போது, அந்த வீடுகளைத் தாண்டிப் போகாதீர்கள். அங்கேயும் ஒரு தாய் படம் இல்லாமல், திகதி மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இருப்பாள்.


மட்டுறுத்துநர் | நவம்பர் 4, இரவு 9.00

மேலே ஓமந்தை உறுப்பினரின் பதிவுக்குக் கீழ் வந்த சில பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. செத்தவர்களின் தாய்மாரை ஏசுவதற்கு இங்கே இடமில்லை. தலைப்பில் நின்று எழுதுங்கள்.


இரணைமடு வான்கதவு | கிளிநொச்சி | நவம்பர் 5, மாலை 4.15

நான் 2006இல் பிறந்தேன். பெரியவர்களுக்குள் எழுதத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

எங்கள் வீட்டில் சின்ன மாமாவின் படம் கிடையாது. அகதி முகாமுக்குப் போகும்போது சீருடைப் படம் வைத்திருந்தால் பிரச்சினை என்று அம்மம்மா எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டாராம். திரும்பி வந்து தோண்டும்போது தண்ணீர் ஊறிக் கரைந்துபோய் இருந்ததாம். மாமா எப்படி இருப்பார் என்று கேட்டால் அம்மம்மா என் தம்பியைக் காட்டுவார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மாமாவின் முழுப் பெயரே இந்த இழையை வாசித்த பிறகுதான் அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்தேன்.

பள்ளிக்கூடம் போக வரக் கிளிநொச்சி நகரில் படையினரின் நினைவுச்சின்னத்தைக் கடந்துதான் போவோம். பெரிய கொங்கிறீட் சதுரம், அதில் எறிகணை துளைத்து வெடித்த மாதிரி, மேலே தாமரை. ஆனையிறவில் கைகள் நாட்டின் வரைபடத்தைத் தூக்கிப் பிடிக்கிற சிலை. தெற்கில் இருந்து பேருந்தில் வந்து இறங்கிப் படம் எடுப்பார்கள். வெற்றி என்று எழுதிய கல்லைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். எங்கள் மாமாவின் பெயர் எழுதிய ஒரு சின்னக் கல்லை நான் இன்றுவரை கண்டதில்லை. வெறுங்கல் நட்டால் என் தம்பியின் பிள்ளைகளுக்கு அது என்ன சொல்லும்? முகவரி எழுதாத கடிதம் மாதிரி நிற்கும்.


கற்சிலைமடு ஆசிரியர் | ஒட்டுசுட்டான் | நவம்பர் 5, இரவு 8.08

பிள்ளை இரணைமடு, நல்லாக எழுதியிருக்கிறாய். உன் வயதுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

எங்கள் பக்கத்தில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் கல் இருக்கிறது. அது எங்கள் ஆட்கள் நட்ட கல் இல்லை. ஆங்கிலேயரின் கப்டன் ட்ரிபேர்க் 1803 ஒக்டோபர் 31இல் இந்த இடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று வென்றவன் பக்கத்தில் நின்று எழுதிய கல். அதே வருடம் ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் பண்டாரவன்னியன். தோற்றவன் என்று எழுதினாலும் பெயரையும் திகதியையும் இடத்தையும் எழுதி வைத்ததால்தான், நாங்கள் அந்தக் கல்லையே அவனுடைய கல்லாக்கி மாலை போடுகிறோம். அந்த இடத்தில் வெறுங்கல் ஒன்று நின்றிருந்தால், வயல் வரம்புக்கு யாரோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். சங்க காலத்தில் ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு நட்ட நடுகல்லிலும் அவன் பெயரையும் செய்த காரியத்தையும் பொறித்துத்தான் மயில்தோகை சூட்டினார்கள். நாங்கள் இரண்டாயிரம் வருடப் பழக்கத்தை இப்போது கைவிடத் தேவையில்லை.

திருகோணமலையில் நிலாவெளி வீதிக்குப் போகிறவர்கள் உலகப் போர்க் கல்லறைகளைப் பார்த்திருப்பார்கள். எங்கிருந்தோ வந்து செத்த வெள்ளைக்காரனுக்கும் தனிக்கல், தனிப்பெயர். பெயர் தெரியாதவருக்கும் கல் உண்டு, பெயர் தெரியவில்லை என்பதையும் அதிலேயே எழுதியிருப்பார்கள். தென்னங்கீற்று கேட்டதற்கு அது ஒரு வழி. பெயர் கிடைத்தவருக்குப் பெயர். கிடைக்காதவருக்கு, கிடைத்த திகதியோ ஊரோ அந்தத் துண்டில் இருந்த நாலு எழுத்தோ. ஒன்றுமே கிடைக்காதவருக்கு "பெயர் தேடப்படுகிறது" என்று எழுதுங்கள். வெறுமையாக விடாதீர்கள்.


தென்னங்கீற்று | ரொறன்ரோ | நவம்பர் 5, இரவு 11.15

ஐயா, இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. "பெயர் தேடப்படுகிறது" என்று ஒரு கல் நின்றால், தேடவேண்டிய கடமை எங்களுக்கும் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். இங்கே உள்ளவர்களிடம் இதைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். முதல் தவணைக் காசைக் கல்லுக்கு என்று கட்டிவைக்காமல் அனுப்பச் சொல்கிறேன்.


நீதிமன்ற வாசல் | வவுனியா | நவம்பர் 6, காலை 9.40

இரணைமடுத் தம்பியோ தங்கையோ எழுதியதைத் தொட்டு ஒரு விசயம். சிங்களத் தாய்மாரிலும் பிள்ளையின் உடல் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம் விழுந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் செத்தார்கள், பலருடைய உடல் ஊருக்குப் போகவே இல்லை. விசாகா தர்மதாச என்ற தாயின் மகன் 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போன ஆமிக்காரன். அவர் தன்னைப் போன்ற தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு வன்னிக்கே வந்து இயக்கத்தோடு பேசினார். இரண்டு பக்கமும் இறந்தவரின் அடையாளத் தகட்டை மதிக்க வேண்டும் என்று கேட்டார். வெற்றிச் சின்னத்தைக் கட்டியவர்கள் அந்தத் தாயின் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. மாங்குளம் அண்ணை சொன்ன இலக்கத் தகட்டின் பெறுமதி இரண்டு பக்கத் தாய்மாருக்கும் ஒன்றுதான். கல்லை உடைக்கக் கட்டளை கொடுத்தவர் வேறு, பிள்ளையைத் தேடும் தாய் வேறு.


முறிகண்டிப் பிள்ளையார் | கிளிநொச்சி | நவம்பர் 6, பிற்பகல் 1.33

எல்லாம் சரி. காணாமல் ஆக்கப்பட்டவர்களை என்ன செய்யப் போகிறீர்கள்? 2009 மே 18இல் வட்டுவாகலில் பாதிரியாரோடு சேர்ந்து படையினரிடம் சரணடைந்தவர்கள் இருக்கிறார்கள். கண் முன்னால் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ட மனைவிமார் இருக்கிறார்கள். அவர்கள் விளக்கேற்றுவதில்லை. ஏற்றினால் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டது ஆகிவிடும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டமாக உட்கார்ந்தவர்கள் இன்றும் "எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கொப்பியில் ஊர் ஊராக எழுதும்போது அவர்கள் வீட்டுக்கும் போவீர்கள். பெயர் கேட்பீர்கள். எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

என் அக்கா அதில் ஒருவர். யாராவது போய் "உங்கள் கணவரின் பெயரைக் கல்லில் போடவா?" என்று கேட்டால் அவர் உடைந்துபோவார். எச்சரிக்கையாக நடவுங்கள்.


மாத்தளன் அலை | முல்லைத்தீவு | நவம்பர் 6, இரவு 7.05

முறிகண்டி அண்ணை சொல்வது மிகச் சரி. செத்தது தெரிந்த எங்களுக்கே இவ்வளவு கஷ்டம். அந்த வீடுகளுக்குக் கொப்பியோடு போகாதீர்கள். போனால் வெறும் கையோடு போய், தேத்தண்ணி குடித்துவிட்டு, அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

அம்மாவிடம் உங்கள் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். தங்கச்சியின் பிறந்த திகதியையும் எழுத வேணும் என்கிறார். செத்த திகதி மாதத்தோடுதான் தெரியும், பிறந்த திகதி நாள் நேரத்தோடு தெரியும் என்றார்.


குளக்கட்டு | கிளிநொச்சி | நவம்பர் 7, இரவு 9.50

இன்று மறுபடி கூட்டம். இந்த இழையை வாசித்துக் காட்டினேன். மாத்தளன் அக்காவின் பதிவை வாசிக்கும்போது தலைவர் எழும்பி வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். அவருடைய வீட்டிலும் அப்படி ஒன்று உண்டென்று பிறகுதான் சொன்னார்கள்.

முடிவு இப்படி. இந்த வருடம் புதுக்கல் இல்லை. 27ஆம் திகதிக்கு வழமை போலப் பொதுச்சுடர், அதை ஏற்றுவது ஒரு தாய். அரசியல்வாதிகள் வரலாம், சனத்தோடு நிற்கலாம், ஒலிவாங்கி கிடையாது. வாசலில் ஒரு மேசை போடுகிறோம். விரும்பியவர்கள் வந்து பெயர், ஊர், பிறந்த திகதி, இறந்த திகதி, ஞாபகம் உள்ள வரிசை, இலக்கம் எல்லாம் சொல்லலாம். நிலை, இயக்கப் பெயர் போடுவதா விடுவதா குடும்பத்தின் விருப்பம். கல்லில் போடச் சம்மதமா என்ற கேள்வி தனியாக. மாங்குளம் அண்ணை ஞாயிற்றுக்கிழமை வந்து துண்டுகளைக் கழுவிப் படம் எடுக்கக் காட்டித் தருகிறார். பின்நேரம் மூன்று மணிக்கு வாருங்கள், பழைய பல் விளக்குகிற பிரஷ் இருந்தால் கொண்டு வாருங்கள், கம்பிப் பிரஷ் வேண்டவே வேண்டாம். வாகரை அண்ணாவின் படத்தில் இருந்த மூன்று பெயரில் ஒன்று முழங்காவில் பக்கத்துக் குடும்பம் போலத் தெரிகிறது, விசாரிக்கிறோம்.

ஓமந்தை அண்ணா கேட்டதற்குக் கூட்டத்தில் ஒருமித்த பதில் வரவில்லை. என் பதில், வீட்டைத் தாண்டிப் போகமாட்டேன். எழுதித் தனியாக வைத்திருப்பேன்.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் விசயத்தில் நாங்கள் முடிவெடுக்கக்கூடாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். முறிகண்டி அண்ணை, உங்கள் அக்காவும் மற்ற அம்மாமாரும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?


முறிகண்டிப் பிள்ளையார் | கிளிநொச்சி | நவம்பர் 8, காலை 6.20

அக்கா இன்று கோயிலடிக்குப் போகிறார், நானும் கூடப் போகிறேன். அம்மாமாரோடு கதைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். அதுவரைக்கும் அந்தப் பெயர்கள் ஒன்றையும் எங்கும் எழுத வேண்டாம்.